பின்பக்கம் தாழும் வண்டிக்கு ஏர் ஹெல்பர்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு மூட்டை ஏற்றிப் போகும் பிக்கப் பின்னால் தாழ்ந்தால், 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் முன்சக்கரப் பிடிப்பு குறையும். ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணைக் கூசவைக்கும். பின் ஸ்பிரிங்குக்குத் துணையாகப் பொருத்திக் காற்று நிரப்பும் ஏர் ஹெல்பர் பை நல்ல தீர்வுதான். ஆனால் லீஃப் ஸ்பிரிங்கில் பட்டை உடைந்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். ஆர்சி-யில் (பதிவுச் சான்றில்) அனுமதித்துள்ள மொத்த எடையும் இதனால் கூடிவிடாது.

காலி வண்டியில் தரையிலிருந்து பின் மட்கார்டு விளிம்பு வரை அளந்து குறித்துவையுங்கள். லோடு ஏற்றியபின் ஏறக்குறைய அந்த உயரம் வரும்வரை காற்று போதும்; பைக்குரிய உச்ச அழுத்தத்தைத் தாண்டவே வேண்டாம். இரு பைகளுக்கும் தனித்தனிக் குழாய் வையுங்கள்: ஒரே குழாயென்றால் வளைவில் காற்று மறுபக்கம் ஓடி வண்டி சாயும். குழாய் சைலன்சரைத் தொடக் கூடாது. இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவு பாருங்கள். லோடு இறக்கியதும் காற்றைக் குறையுங்கள், முழுதாக இறக்காதீர்கள். பை மடிந்து கிழியும்.