சிங்கப்பூர் ஈரத்தில் தோல் ஷூவைக் காப்பாற்றுவது எப்படி?

தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் போட்டுக்கொள்ளலாம் என்று நல்ல தோல் ஷூவைப் பெட்டியோடு அலமாரிக்குள் வைத்துவிடுகிறோம். அடுத்த வருடம் எடுத்தால் மேலே பூசணம், அடியில் சோல் பொலபொலவென்று உதிர்கிறது. பெரும்பாலும் இதில் ஷூவின் மேல் தப்பு இல்லை. இங்கே ஈரப்பதத்தின் வருடச் சராசரியே 82 சதவீதம். விடியற்காலையில் 90ஐத் தாண்டும். மூடிய பெட்டிக்குள் போன ஈரம் வெளியேற வழியே இல்லை. அதனால் இந்த ஊரில் முதலில் காற்றோட்டம், அப்புறம்தான் பாலிஷ்.

வாங்கும்போது

சாயங்காலம் போய்ப் போட்டுப் பாருங்கள். நாள் முழுக்க நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். அதுதான் சரியான அளவு. வழக்கமாகப் போடும் காலுறையோடு, இரண்டு காலிலும் போட்டு எழுந்து நடங்கள். விரல் நுனிக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். ஷூ மடிகிற இடத்தில்தான் உங்கள் பாதமும் மடிய வேண்டும். தோல் அகலவாக்கில் சற்று இளகிக் கொடுக்கும், நீளவாக்கில் கொடுக்காது. நுனி இடித்தால், போடப் போடச் சரியாகிவிடும் என்று யார் சொன்னாலும் வாங்காதீர்கள்.

சோல் எதனால் ஆனது என்றும் கேளுங்கள். பாலியூரித்தேன் சோல் காற்றிலுள்ள ஈரத்தாலேயே உள்ளுக்குள் சிதையும். போடாமல் வைத்திருந்தாலும் உதிரும், உதிர்ந்ததை ஒட்ட முடியாது. வெல்ட் (ஷூவின் ஓரத்தைச் சுற்றித் தைக்கும் பட்டை) வைத்துத் தைத்த தோல் சோலோ ரப்பர் சோலோ என்றால், தேய்ந்த பிறகு பிரித்துப் புதுசு போடலாம். விலை கூடத்தான், ஆனாலும் நான் அதையே வாங்கச் சொல்வேன்.

தினமும்

கழற்றிய ஷூவை உடனே அலமாரியில் வைக்காதீர்கள். கால் வியர்வை உள்ளே இருக்கும். ஒரு நாள் முழுக்க வெளியே காயட்டும். ஒரே ஜோடியை அடுத்தடுத்த நாள் போடாமல் மாற்றி மாற்றிப் போடுங்கள். சீடர் மரத்தில் பாத வடிவில் செய்த கட்டையை (ஷூ ட்ரீ) உள்ளே வைத்தால் ஈரத்தையும் இழுக்கும், வடிவமும் கெடாது. வீவக அடுக்குமாடி வீட்டு வாசலில் வைக்கும் ஷூ அலமாரிக்கு இடைவெளி விட்ட சட்டக் கதவு நல்லது.

ஈரம் உறிஞ்சும் பிளாஸ்டிக் டப்பா வைப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அதில் சேரும் தண்ணீர் வெறும் தண்ணீர் இல்லை, கால்சியம் குளோரைடு கரைசல். தோலில் கொட்டினால் தோல் சுருங்கி விறைத்துவிடும். ஷூ பக்கத்தில் சிலிக்கா ஜெல் பைகளே பாதுகாப்பு.

வெள்ளை படிந்துவிட்டால்

முதலில் அது பூசணம்தானா என்று பாருங்கள். தோலுக்குள் இருக்கும் கொழுப்பும் மெழுகும் சில சமயம் மேலே வந்து வெள்ளையாகப் படியும். ஹேர் டிரையரை மிதமான சூட்டில் சில விநாடி காட்டுங்கள். கொழுப்பு என்றால் உருகி மறைந்துவிடும். மறையாமல், பஞ்சு மாதிரி பிசிறோடும் மக்கிய வாடையோடும் இருந்தால் பூசணம்.

பூசணம் என்றால் ஷூவை வெளியே கொண்டுபோய், முகக்கவசம் போட்டு, உலர்ந்த பிரஷால் தேயுங்கள். வீட்டுக்குள் தேய்த்தால் வித்துகள் மற்ற ஷூக்களுக்கும் பரவும். லேஸைக் கழற்றி, அதன் அடியில் இருக்கும் ஷூவின் நாக்கைத் தூக்கி, தையல் இடுக்குகளையும் பாருங்கள். அது ஒளிந்திருப்பது அங்கேதான். பிறகு மருந்தகத்தில் கிடைக்கும் ஐசோபிரொபைல் ஆல்கஹாலைச் சம அளவு தண்ணீரில் கலந்து, துணியில் தொட்டு உள்ளும் புறமும் துடையுங்கள். சாயம் போகிறதா என்று நாக்கின் அடியில் சோதித்துவிட்டுத் தொடங்குங்கள். நிழலில் நன்றாகக் காய்ந்ததும் ஷூ கிரீம் தடவுங்கள். அந்த பிரஷை மற்ற ஷூக்களுக்குப் பயன்படுத்த வேண்டாம்.

பாலிஷ்

தேசிய சேவையில் பூட்ஸ் தேய்த்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. தூசி தட்டி, கிரீமை மெல்லிசாகத் தடவி, பத்து நிமிடம் விட்டு, குதிரைமுடி பிரஷால் தேயுங்கள். மெழுகு பாலிஷ் நுனிக்கும் குதிகாலுக்கும் மட்டும் போதும். மடிகிற இடத்தில் போட்டால் வெடித்துத் தெரியும். கிரீமை அள்ளிப் பூசாதீர்கள், மிஞ்சிய எண்ணெய்ப் பசை பூசணத்துக்குத் தீனி.

மழையில் நனைந்தால் துடைத்துவிட்டு உள்ளே தாள் திணியுங்கள், ஈரமானதும் மாற்றுங்கள். வெளிர் நிற உள்துணி என்றால் செய்தித்தாள் மை ஒட்டும், சமையலறைத் தாள் நல்லது. சோலுக்கும் காற்றுப்பட ஷூவைப் பக்கவாட்டில் சாய்த்து வையுங்கள். வெயிலும் வேண்டாம், ஹேர் டிரையரும் வேண்டாம்: நனைந்த தோல் சூட்டில் வெடிக்கும்.

பழுது

சோல் நுனி வாய் பிளந்தால் வீட்டிலேயே ஒட்டலாம். பழைய பசையைச் சுரண்டி, இரு பக்கமும் உப்புத்தாள் தேய்த்து, கான்டாக்ட் சிமென்ட் என்ற பசையை இரு பக்கமும் மெல்லிசாகப் பூசுங்கள். உடனே ஒட்டக் கூடாது. விரலில் ஒட்டாத அளவு காயும்வரை பொறுத்து, பிறகு அழுத்தி ஒட்டி, கயிற்றால் கட்டி ஒரு நாள் விடுங்கள்.

குதிகால் ரப்பர் தேய்ந்தால் ஷூ தைப்பவரிடம்தான் போக வேண்டும். ரப்பர் முழுக்கத் தேய்ந்து மேலடுக்கைத் தொடுவதற்குள் போனால் ரப்பரை மட்டும் மாற்றித் தருவார். தோல் சோலாக இருந்தால் முன்பாதிக்கு மெல்லிய ரப்பர் ஒட்டித்தரச் சொல்லுங்கள். மழை நாளில் எம்ஆர்டி நிலையத் தரையில் வழுக்காது. புது ஷூவைச் சில தடவை போட்டு அடித்தோல் சொரசொரப்பான பிறகு கொடுத்தால் பசை நன்றாகப் பிடிக்கும்.