பாஷ் டெர்மினலில் கன்ட்ரோல் + டபிள்யூவை மாற்றுவது எப்படி?

கன்ட்ரோல் + ஏ வரியின் தொடக்கத்துக்குப் போகும், கன்ட்ரோல் + இ கடைசிக்கு. கன்ட்ரோல் + ஆர் பழைய கட்டளைகளைத் தேடும். இவை நல்ல தேர்வுகள்தான், கை வைக்க வேண்டாம். பாஷ் (நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல்) இவற்றை ரீட்லைன் என்ற லைப்ரரியிடமிருந்து பெறுகிறது. நிரலில் பிழை தேட உதவும் ஜிடிபி என்ற டீபக்கரும் அதையே பயன்படுத்துவதால் விரல் பழக்கம் அங்கும் கைகொடுக்கும்.

நான் மாற்றச் சொல்வது கன்ட்ரோல் + டபிள்யூவை மட்டும்தான். அது இடைவெளி வரும்வரை அழித்துக்கொண்டே போகும். நீளமான பாதையின் கடைசி ஃபைல் பெயரை மட்டும் எடுக்க நினைத்தால் பாதை மொத்தமும் காலி. ஸ்லாஷில் நின்றால் போதுமே!

1. ஹோம் ஃபோல்டரில் 'புள்ளி இன்புட்ஆர்சி' என்ற ஃபைலைத் திறங்கள். இல்லையென்றால் உருவாக்குங்கள்.

2. ஒரு வரி சேருங்கள்: இரட்டை மேற்கோளுக்குள் பின்சாய்வு, பெரிய சி, ஹைஃபன், டபிள்யூ. மேற்கோளை மூடி ஒரு கோலன், அப்புறம் யுனிக்ஸ்-ஃபைல்நேம்-ரப்அவுட்.

3. புதிய டெர்மினலில் சோதித்துப் பாருங்கள்.

வேலை செய்யாது! எழுத்துப் பிழையைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம், வரி சரியாகத்தான் இருக்கிறது. கன்ட்ரோல் + டபிள்யூ, கன்ட்ரோல் + யு போன்ற சில விசைகளுக்கு டெர்மினல் டிரைவரே (ரீட்லைனுக்கும் கீழே, விசைகளை வாங்கித் தரும் அமைப்பு) ஒரு வேலை வைத்திருக்கிறது. ரீட்லைன் ஒவ்வொரு முறை வரி வாங்கும்போதும் அந்த ஏற்பாட்டைப் பார்த்து, நீங்கள் எழுதியதன் மேல் அதையே போட்டுவிடும். அதனால் நம் வரிக்கு மேலே இன்னொரு வரி வேண்டும்: செட், பைண்ட்-டிடிஒய்-ஸ்பெஷல்-கேரக்டர்ஸ் (கடைசிச் சொல்லை 'சார்ஸ்' என்று சுருக்கி எழுத வேண்டும்), ஆஃப். மறுபடி புதிய டெர்மினல். இப்போது ஸ்லாஷில் நிற்கும்.

வேறு விசை தேடுகிறீர்களா? கன்ட்ரோல் + ஐ வேண்டாம். ஐ ஆங்கிலத்தில் ஒன்பதாவது எழுத்து, டேபின் எண்ணும் 9, டெர்மினலுக்கு இரண்டும் ஒன்றுதான். 13ஆவது எழுத்தான எம் இதே கணக்கில் என்டர் ஆகிவிடும். கன்ட்ரோல் + எஸ் திரையை உறைய வைக்கும் (விடுவிக்க கன்ட்ரோல் + கியூ). டிமக்ஸ் (ஒரே டெர்மினலைப் பல சாளரங்களாகப் பிரிக்கும் மென்பொருள்) வைத்திருப்பவர்கள் கன்ட்ரோல் + பி (இரண்டாவது எழுத்து) பக்கம் போகவே வேண்டாம், தன் கட்டளைகளுக்கு முன்னால் அது கேட்கும் விசை அது. என் ஓட்டு ஆல்ட் விசைக்கே, அங்கே காலியிடம் தாராளம். சந்தேகம் இருந்தால் கன்ட்ரோல் + வி அழுத்திவிட்டு அந்த விசையை அழுத்துங்கள், டெர்மினலுக்கு என்ன போகிறது என்று தெரியும்.

பிற்சேர்க்கை: ஃபைலை உருவாக்கியதும் ஹோம், எண்ட் விசைகள் சிலருக்கு வேலை செய்யவில்லை. சொந்த ஃபைல் இருந்தால் ஈடிசி ஃபோல்டரில் உள்ள பொது இன்புட்ஆர்சியை ரீட்லைன் படிக்காது. உங்கள் ஃபைலின் முதல் வரியில் டாலர் குறியோடு இன்க்ளூட் எழுதி அந்தப் பொது ஃபைலின் பாதையைக் கொடுங்கள்.

மேக்கில் எதுவுமே மாறவில்லை என்றால், நீங்கள் இருப்பது பாஷில் அல்ல, இசட்-ஷெல் என்ற இன்னொரு ஷெல்லில். 2019இல் வந்த மேக்ஓஎஸ் கேட்டலினாவிலிருந்து புதுக் கணக்குகளுக்கு அதுதான் இயல்பு. அதற்கு ரீட்லைனோடு தொடர்பே இல்லை. அங்கே வேர்ட்கேரக்டர்ஸ் மாறியிலிருந்து (இதிலும் 'சார்ஸ்'தான்) ஸ்லாஷை நீக்கினால் போதும்.