அய்யனார் காட்டுக்குப் போறீங்களா, இதைப் படிச்சுட்டுப் போங்க

காடுன்னு சொன்னாலே நமக்கு முதுமலை, டாப்ஸ்லிப், கொல்லிமலைன்னு தான் ஞாபகம் வருது, ஆனா நம்ம கிழக்குக் கடற்கரைச் சமவெளியில ஒரு காலத்துல இருந்த காடு வேற, அது இன்னைக்கு மிச்சம் இருக்கிறது பெரும்பாலும் கோயில் காடாத்தான், அய்யனாரும் மாரியாத்தாவும் இருக்கிற இடத்துல மட்டும் யாரும் கை வைக்காம விட்டதால தப்பிச்சது. இதுக்குப் புத்தகப் பேரு வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு. வருஷத்துல ஆறேழு மாசம் சரியா மழையே இல்லாம போனாலும் இலை உதிர்த்து மொட்டையா நிக்காது, ஐப்பசி கார்த்திகையில பெய்யுற வடகிழக்குப் பருவமழையை வச்சே வருஷம் முழுக்கப் பச்சையா இருக்கும். அதுக்குத்தான் இலையெல்லாம் சின்னதா, தடிப்பா, மெழுகு தடவுன மாதிரி மினுமினுன்னு இருக்கு. மரமும் ரொம்ப உயரம் போகாது, 10, 12 மீட்டர் தான்.

நான் இங்க சொல்லப்போறது கீழ்ப்புத்துப்பட்டு மஞ்சனீஸ்வரர் அய்யனார் கோயில் காட்டை மனசுல வச்சுத்தான். பாண்டிச்சேரியிலேருந்து ஈசிஆர்ல வடக்கே மரக்காணம் போற வழியில, சுமார் 15 கிலோமீட்டர். உங்க ஊர்ப் பக்கத்துலயே இந்த மாதிரி ஒண்ணு இருக்கலாம், புதுக்கோட்டை, விழுப்புரம், கடலூர் பக்கமெல்லாம் நிறைய இருக்கு, சொல்ற விஷயம் எல்லாத்துக்கும் பொதுவானது தான். பஸ்ல போறவங்க ஏறும்போதே கண்டக்டர்கிட்ட கேட்டுக்கோங்க, எக்ஸ்பிரஸ் பஸ் எல்லாம் நிக்காது, ஊர் ஊரா நின்னு போற பஸ் பாத்து ஏறுங்க.

முதல்ல ஒரு விஷயம், ரோட்லேருந்து பாத்தா எல்லாமே பச்சையா தெரியும், அதுல எது காடுன்னு கண்டுபிடிக்கணும். வரிசையா ஒரே உயரத்துல நிக்கிறது சவுக்குத் தோப்பு, கிளை தரையில படர்ந்து கிடக்கிறது முந்திரி, ஓரத்துல முள்ளா அடைச்சுக்கிட்டு நிக்கிறது சீமைக்கருவேலம், இதெல்லாம் மனுஷன் கொண்டு வந்தது. காடுன்னா உள்ள கண்ணு போகாது, கொடியும் மரமும் ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டு கரும்பச்சையா சுவர் மாதிரி நிக்கும்.

எப்போ போறதுன்னு கேட்டா என் பதில் மார்கழி, தை. மழை ஓய்ஞ்சு மண்ணு ஈரமா இருக்கும், வலசை வந்த பறவை எல்லாம் இன்னும் கிளம்பாம இருக்கும். பூவும் பழமும் பாக்கணும்னா பங்குனியிலேருந்து வைகாசி வரைக்கும், வெயில் தான் பின்னி எடுக்கும். ஆடி மாசம் கூட்டம் ஜாஸ்தி, சாமி கும்பிட வர்றவங்களுக்கு அது தான் சரியான நேரம், காடு பாக்கப் போறவங்க அப்போ போகாம இருக்கிறது நல்லது. எந்த மாசமா இருந்தாலும் காலைல ஆறு மணிக்கு அங்க இருக்கணும், ஒன்பது மணிக்கு மேல பறவை சத்தமே அடங்கிடும்.

போனதும் நேரா உள்ள நுழையாதீங்க. இது சும்மா கிடக்கிற இடமில்ல, ஒரு ஊரோட காடு, ஒரு சாமியோட காடு. பூசாரியோ கோயில் வாசல்ல பூ விக்கிற அக்காவோ யாராவது இருப்பாங்க, "மரம் பாக்க வந்திருக்கேங்க, உள்ள எது வரைக்கும் போகலாம்"னு ஒரு வார்த்தை கேளுங்க. செருப்பு எங்க கழட்டணும்னு அவங்களே சொல்வாங்க. சில ஊர்க் காட்டுல ஒரு எல்லைக்கு அப்புறம் பொம்பளைங்க போகக்கூடாதுன்னு வழக்கம் வச்சிருக்காங்க, எனக்கு அதுல உடன்பாடு கிடையாது, ஆனா குடும்பத்தோட அவ்வளவு தூரம் போய் அங்க நின்னு மனசு கஷ்டப்படுறதுக்கு முன்னாடியே விசாரிச்சுட்டுப் போறது நல்லது. போட்டோ எடுக்கலாமான்னும் கேட்டுருங்க.

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். நான் முதல் தடவை போனப்ப இருபது நிமிஷத்துல ஒரு சுத்து சுத்திட்டு வந்துட்டேன், இவ்வளவு தானா இதுன்னு மனசுக்குள்ள ஒரு ஏமாற்றம். வெளிய வந்து நின்னப்ப பொங்கல் வைக்க வந்திருந்த ஒரு ஆயா, "என்ன தம்பி தேடுற, நடந்துகிட்டே இருந்தா என்ன தெரியும், இப்புடி ஒக்காரு"ன்னு சொன்னாங்க. உக்காந்தேன். ஒரு பத்து நிமிஷம் ஒண்ணுமே இல்ல. அப்புறம் காஞ்ச இலைக்குள்ள சரசரன்னு சத்தம், பாத்தா குட்டை வாலோட, வயிறு மங்கின ஆரஞ்சா, முதுகு பச்சையா ஒரு குருவி இலையைத் தள்ளித் தள்ளிப் புழு பொறுக்கிட்டு இருக்கு. ஆறுமணிக்குருவி! இமயமலை அடிவாரத்துலயும் நடு இந்தியாவுலயும் கூடு கட்டிட்டு மழைக்காலத்துல நம்ம பக்கம் வர்றது, காலைலயும் சாயங்காலமும் ஆறு மணி வாக்குல கூவுறதால அந்தப் பேரு. அன்னைக்குத் தான் எனக்குப் புரிஞ்சது, சின்ன காட்டை நடந்து பாக்கக் கூடாது, உக்காந்து பாக்கணும். ஒரு இடத்துல குறைஞ்சது அரை மணி நேரம், போன் சைலன்ட்ல, பேச்சு இல்லாம. அப்புறம் எழுந்து இருபது அடி தள்ளி இன்னொரு இடம். அவ்வளவு தான் முறை.

மரம் எல்லாத்தையும் ஒரே நாள்ல தெரிஞ்சுக்கப் பாக்காதீங்க, குழம்பிடும், ஒரு நாளைக்கு நாலு மரம் போதும். முதல்ல காயா மரத்துலேருந்து ஆரம்பிங்க, எங்க பக்கம் காசான்னு சொல்வாங்க. பெருமாளைக் காயாம்பூ வண்ணன்னு பாடுறோமே, அந்தக் காயாம்பூ இது தான், கோடையில பூக்கும்போது கிளையோட கணுவெல்லாம் நீலமா பொடிப்பொடியா ஒட்டிக்கிட்டு இருக்கும். கேள்விப்பட்ட பேரா இருக்கும், ஆனா பூவைக் கண்ணால பாத்தவங்க ரொம்பக் கம்மி, அதுக்காகவே ஒரு தடவை சித்திரையில போங்கன்னு சொல்வேன். அடுத்தது வீரை, அடிமரம் நேரா உருண்டையா இருக்காது, முறுக்கி முறுக்கி பள்ளமும் மேடுமா இருக்கும், ஒரு தடவை பாத்தா மறக்காது. அப்புறம் பாலை, இதோட கட்டை இரும்பு மாதிரி, உலக்கை செய்யறதுக்கு எடுப்பாங்க அதனால உலக்கைப்பாலைன்னும் பேரு, பழம் சின்னதா மஞ்சளா நல்லா இனிக்கும், தின்னா பால் ஒட்டி உதடு பிசுபிசுன்னு ஆகிடும். நாலாவது காட்டு எலுமிச்சை, கீழ விழுந்த இலை ஒண்ணை எடுத்துக் கசக்கி மோந்து பாருங்க, பேரு தானா தெரியும். மரம் பிடிபட்ட பிறகு கொடி பக்கம் வாங்க, மோதிரக்கண்ணின்னு ஒரு கொடி இருக்கு, பிடிச்சு ஏறறதுக்கு மோதிரம் மாதிரி சுருண்ட கொக்கி வச்சிருக்கும், பிள்ளைங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்.

பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போறவங்க கவனிங்க. குன்றிமணி செவப்பும் கறுப்புமா அழகா கிடக்கும், விஷம், வாயில போட விடாதீங்க. மழைக்காலத்துல பூக்கிற செங்காந்தளும் அப்படித்தான், கிழங்கு ரொம்ப விஷம். பூனைக்காலிக் காய் மேல கை பட்டா அரிப்பு தாங்காது. முழுக்கை சட்டை, பேண்ட், ஆளுக்கு ரெண்டு லிட்டர் தண்ணி கண்டிப்பா. காஞ்ச இலைக்குள்ள கை விடாதீங்க, கால் வைக்கிற இடத்தைப் பாத்து வைங்க. பாம்பு கடிச்சா கத்தியால கீறுறது, இறுக்கிக் கட்டுறது எதுவும் வேணாம், கடிபட்டவரை நடக்க விடாம 108க்கு அடிச்சு நேரா ஆஸ்பத்திரி, கீழ்ப்புத்துப்பட்டுலேருந்துன்னா பாண்டிச்சேரி ஜிப்மர் இருக்கு.

செய்யக் கூடாததுல ஒண்ணே ஒண்ணு தான் நான் அழுத்திச் சொல்வேன், உள்ளேருந்து எதையும் எடுக்காதீங்க. குச்சி கூட. அய்யனார் காட்டுல கொப்பு ஒடிச்சா கண்ணு போயிடும்னு ஊர்ல பெரியவங்க சொல்வாங்களே, அந்தப் பயம் தான் இவ்வளவு நாளா இந்தக் காட்டைக் காப்பாத்திருக்கு. செத்து விழுந்த மரத்துல தான் வண்டும் காளானும் வாழுது, காஞ்ச இலை மெத்தையில தான் ஆறுமணிக்குருவிக்குச் சாப்பாடு கிடைக்குது, சுத்தம் பண்றோம்னு அதைக் கூட்டி அள்ளி எரிச்சா குருவி இறங்க இடமில்ல, கீழ விழுந்த விதை முளைக்கவும் வழியில்ல. பல கோயில் காட்டுல இன்னைக்குப் பெரிய மரம் நிக்குது, அடியில ஒரு கன்னு கூட இல்ல. கார் நிறுத்த, பந்தல் போட, சமைக்கன்னு ஒவ்வொரு வருஷமும் ஓரத்துல கொஞ்சம் கொஞ்சமா போயிட்டே இருக்கு, பாக்கவே வயித்தெரிச்சலா இருக்கு. பொங்கல் வைக்கிறதா இருந்தா விறகை வீட்லேருந்து கொண்டு போங்க, அதுக்குன்னு விட்டிருக்கிற இடத்துல மட்டும் அடுப்பு மூட்டுங்க. வீட்ல இந்த மரம் வளர்க்க ஆசை இருந்தா காட்டுக் கன்னைப் பிடுங்காதீங்க, ஆரோவில் பக்கம் இந்தக் காட்டு மரங்களையே வளர்க்கிற நர்சரிங்க இருக்கு, அங்க கேளுங்க.

உங்க ஊர்லயும் இப்படி ஒரு காடு இருந்து அதைக் காப்பாத்தணும்னு தோணுச்சுன்னா, 2002 உயிரியல் பன்மைச் சட்டத்துல பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம்னு அறிவிக்க வழி இருக்கு. திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியில வீரகோவில் காடுன்னு 5 ஹெக்டேர் கூட இல்லாத ஒண்ணை 2025ல அப்படி அறிவிச்சாங்க. சின்னதா இருக்கேன்னு தயங்காம பஞ்சாயத்துல பேச்சை எடுங்க.

கீழ்ப்புத்துப்பட்டு போனவங்க பத்து மணிக்குள்ள காட்டை முடிச்சுட்டு, டீ குடிச்சுட்டு, வண்டி இருந்தா அப்படியே கழுவெளி ஏரிப் பக்கம் போகலாம், 2021ல பறவைகள் சரணாலயம் ஆச்சு, 2024ல உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட ராம்சார் பட்டியல்லயும் வந்துருச்சு, தை மாசம்னா தண்ணி நிறைய பறவை இருக்கும். கிளம்புறதுக்கு முன்னாடி பேண்ட்டுலயும் ஷூ லேஸ்லயும் ஒட்டியிருக்கிற விதையெல்லாம் உதறிடுங்க, நாயுருவி நிறைய ஒட்டியிருக்கும். அடுத்த காட்டுக்குப் போறப்பவும் இதே மாதிரி உள்ள நுழையறதுக்கு முன்னாடி ரோட்டோரமாவே உதறிட்டுப் போங்க, பார்த்தீனியம் மாதிரி களை எல்லாம் இப்படித்தான் உள்ள ஏறுது.