புல்தரையில் ஒரு மழைக்குழி: தேனீக்கும் ஆற்றுக்கும்

பினாங்கு மாநிலத்தின் பிறை நகரில், எங்கள் வரிசை வீட்டு வாசலில் முன்பு வெறும் புல்தான் இருந்தது. உரம் போட்ட மறுநாள் பலத்த மழை பெய்தால், உரம் கரைந்து வாசல் கால்வாயில் ஓடிவிடும். மலேசியாவில் மழைநீர்க் கால்வாய் வேறு, கழிவுநீர்க் குழாய் வேறு. கால்வாயில் விழுவது எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல் ஆற்றுக்குப் போகிறது. எங்கள் பக்கம் அது பிறை ஆறு, அப்புறம் கடல்.

இதைக் குறைக்கப் புல்லின் ஒரு பகுதியை மழைக்குழியாக்கலாம்: கூரைத் தண்ணீரைச் சற்று நேரம் நிறுத்தி மண்ணுக்குள் இறக்கும், செடிகள் நட்ட ஆழமில்லாத பள்ளம் அது. முழுப் புல்லையும் ஒரே நாளில் பெயர்க்க வேண்டாம். 4 சதுர மீட்டரில் தொடங்குங்கள்.

இடமும் சோதனையும்

கூரைத் தண்ணீர் இறங்கும் குழாயின் பக்கமாக, வீட்டுச் சுவரிலிருந்து 3 மீட்டராவது தள்ளி, வெயில் படும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். அங்கே ஓர் அடி ஆழத்துக்குச் சிறு குழி தோண்டி நீர் நிரப்புங்கள். அது வடிந்ததும் மறுபடி நிரப்பி நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நாளுக்குள் வற்றினால் அந்த இடம் சரி. வற்றாவிட்டால் களிமண் அதிகம் என்று பொருள். இன்னும் ஓர் அடி தோண்டி, பெருமணலும் மக்கிய உரமும் கலந்து நிரப்பிப் பாருங்கள். அப்போதும் தேங்கினால் வேறு இடம் பாருங்கள். இதில் சமரசமே கூடாது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். ஒரே நாளில் வற்றும் குழியில் அது வளர வழியில்லை.

எவ்வளவு பெரிய குழி?

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர் தண்ணீர். 20 சதுர மீட்டர் கூரையில் 30 மில்லிமீட்டர் பெய்தால் 600 லிட்டர். 4 சதுர மீட்டர் குழியை 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு வெட்டினால் ஏறக்குறைய அத்தனையும் அதில் நிற்கும். அதற்கு மேல் வருவது கால்வாய்க்குப் போக ஓரத்தில் ஒரு வழி விடுங்கள்.

புல்லை எடுப்பது

அட்டைப்பெட்டியை விரித்துப் புல்லைச் சாகடிக்கும் முறையைப் பலர் சொல்வார்கள். நம் ஊரில் ஈர அட்டை கரையானுக்கு விருந்து. வீட்டருகே நான் அதைச் செய்யமாட்டேன். மழை பெய்த மறுநாள் மண் இளகியிருக்கும்போது மண்வெட்டியால் சீவி எடுங்கள். மண்ணுக்குள் ஓடும் தண்டுகளைக் கையால் பொறுக்குங்கள். ஒரு கணு மிஞ்சினாலும் மறுபடி முளைக்கும். களைக்கொல்லி வேண்டவே வேண்டாம். ஆற்றுக்காகத்தானே இந்த வேலை? தோண்டிய மண்ணைத் தாழ்வான பக்கம் வரப்பாகப் போடுங்கள். குழாயிலிருந்து குழிவரை கூழாங்கல் பதித்த சிறு வாய்க்கால் போதும்.

செடிகள்

குழியின் அடியில், நனைந்தாலும் காய்ந்தாலும் தாங்கும் கல்வாழையும் வெட்டிவேரும் வையுங்கள். வேரும் மண்ணில் உள்ள நுண்ணுயிர்களும் கரைந்து வரும் சத்தைப் பிடித்துக்கொள்ளும். சேறு அங்கேயே படியும்.

சரிவில் செண்டுடுக் ஒன்று கட்டாயம் வேண்டும். இந்த மண்ணின் செடி அது. ஊதாப் பூவின் மகரந்தப் பையின் நுனியில் ஒரு சிறு துளைதான் உண்டு. தச்சன் தேனீ பூவைக் கட்டிப்பிடித்து உடம்பை அதிரவைக்கும்; மகரந்தம் உப்புத் தூள் போலக் கொட்டும். காலை எட்டு மணிக்கு அருகில் நின்றால் அந்த ‘ர்ர்ர்’ ஓசை காதில் விழும்.

மேட்டில் வெட்சி, துளசி, சங்குப்பூ. துளசி பூத்துவிட்டால் கொட்டாத சிறு தேனீயான கெலுலுட் வந்துவிடும். கதிரைக் கிள்ளிவிடாதீர்கள்.

கறிவேப்பிலையும் ஒன்று வையுங்கள், புழுக்களுக்காகவே. போன வருடம் எங்கள் செடியில் பறவை எச்சம் போல ஏதோ ஒட்டியிருந்தது. அம்மா பூச்சிமருந்தை எடுத்து வந்துவிட்டார். “கொஞ்சம் பொறுங்கள் அம்மா” என்று குச்சியால் மெல்லத் தொட்டேன். தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த கொம்பு ஒன்று நீண்டு வாடை வீசியது. வண்ணத்துப்பூச்சியின் புழு! சில நாளில் பச்சையாக மாறி, பிறகு கூடு கட்டியது. பாதி இலை போனது; செடி மறுபடி தழைத்தது. அந்த மருந்துப் புட்டி பிறகு திறக்கப்படவே இல்லை.

முதல் மூன்று மாதம் வாரம் ஒருமுறை களை எடுங்கள். பெருமழைக்கு மறுநாள் குழியை எட்டிப் பாருங்கள். தண்ணீர் இன்னும் நின்றால் அடியில் படிந்த சேற்றைச் சுரண்டி எடுத்து மேட்டுச் செடிகளுக்குப் போடுங்கள்.