அப்பாவின் கால் நிலைப்படியில் ஒட்டிக்கொண்டால்

அப்பாவுக்கு பார்க்கின்சன் என்ற நரம்பு நோய் வந்து ஏழு வருடம் ஆகிறது. ஓடும் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நின்று டிக்கெட் கிழித்த கால், இப்போது அடுப்படி நிலைப்படிக்கு வந்ததும் தரையோடு ஒட்டிக்கொள்கிறது. உங்கள் வீட்டிலும் இப்படி என்றால், எங்களுக்குக் கைகொடுத்ததைச் சொல்கிறேன்.

கையைப் பிடித்து இழுக்காதீர்கள். உடம்பு முன்னால் வரும், பாதம் வராது, விழுந்துவிடுவார். "சீக்கிரம் வாங்க" என்றாலும் இன்னும் இறுகும். நிற்கட்டும், மூச்சு விடட்டும். எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றச் சொல்லுங்கள். அப்புறம் தாண்டுவதற்கு ஒரு கோடு காட்டுங்கள்.

யோசிக்காமல் நடக்கிறோமே, அந்தப் பழகிய நடையில் மூளையின் ஆழத்திலுள்ள பேசல் கேங்கிலியாவுக்குப் பெரிய பங்கு உண்டு. அதற்கு வேண்டிய டோபமைன் என்ற ரசாயனம் இந்த நோயில் குறைந்துபோகிறது. காலில் பலம் இருக்கிறது, முதல் அடிதான் கிளம்ப மாட்டேன் என்கிறது. கண்ணெதிரே கோடு இருந்தால், அதைத் தாண்டணும் என்று கவனம் வைத்துக் காலைத் தூக்கிவிடுகிறார்.

அம்மா முதலில் கோலமாவில் கோடு இழுத்துப் பார்த்தார். அப்பா தாண்டினார்! ஆனால் மாவு வழுக்கும். இப்போது சிவப்பு டேப்தான். நடைக்குக் குறுக்கே, அவருடைய ஓர் அடி தூரத்துக்கு ஒன்றாக, நிலைப்படிக்கு முன்னால் மூன்று, உள்ளே இரண்டு. மிதியடிகளை எடுத்துவிட்டோம். டேப் இல்லாத இடத்தில் நான் "ரைட்... ரைட்..." என்று தாளமாகச் சொல்வேன். கண்டக்டர் கால் அதற்குக் கிளம்பிவிடும். திரும்பும்போது நின்ற இடத்தில் சுழலாமல் அரைவட்டமாக நடக்கட்டும்.

மூளைக்குள் போய் டோபமைனாக மாறும் லெவோடோபா மாத்திரையை டாக்டர் சொன்ன நேரத்துக்கு, சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால் கொடுக்கிறோம். பருப்பு, பால், முட்டையிலுள்ள புரதம் மருந்து உடம்பில் சேர்வதைத் தடுக்கும். குமட்டினால் இரண்டு பிஸ்கட் போதும். மாத்திரையை நீங்களாக நிறுத்தவே வேண்டாம், ஆபத்து. பூனைக்காலி விதைப் பொடியிலும் லெவோடோபா இருக்கிறது. டாக்டருக்குத் தெரியாமல் சேர்க்காதீர்கள்.

ஒருமுறை வாந்திக்கு ஓரிடத்தில் மெட்டோகுளோப்ரமைடு கொடுத்துவிட்டார்கள். அது டோபமைனைத் தடுக்கும் மருந்து. இரண்டு நாள் அப்பாவால் கட்டிலைவிட்டு எழவே முடியவில்லை. அந்தப் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி, வேண்டாம் என்று மாத்திரை டப்பா மூடியில் ஒட்டியிருக்கிறேன். எந்த டாக்டரிடம் போனாலும் டப்பாவும் கூடவே போகிறது.