நிதி திரட்ட ஏலமா? வந்ததையெல்லாம் மேடையேற்றாதீர்கள்

நல்ல காரியத்துக்காக ஏலம் நடத்தப் போகிறோம் என்று ஆலோசனை கேட்டு வருபவர்கள் பெரும்பாலும் கையில் ஒரு நீளப் பட்டியலோடு வருகிறார்கள். "இதுவரை தொண்ணூறு பொருள் சேர்ந்திருக்கு, இன்னும் வரும்" என்று சொல்லும்போது முகத்தில் அவ்வளவு பெருமை. நானும் ஆரம்பத்தில் அப்படிப் பட்டியல் சேர்த்தவன்தான். அழைப்பிதழ் தாமதமாவது, சாப்பாடு பற்றாமல் போவது எல்லாம் நீங்களே சமாளித்துக்கொள்வீர்கள். வரவேண்டிய பணத்தை வராமல் செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

கிடைத்த பொருளையெல்லாம் ஏலத்தில் வைப்பது

எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப நடப்பது இதுதான். இன்றைக்கும் இதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது.

ஏலத்தில் ஒரு பொருளின் விலை, கடைசிவரை போட்டி போட்டுத் தோற்றவரின் கையில் இருக்கிறது. அவர் எங்கே நிறுத்துகிறாரோ, அதற்கு ஒரு படி மேலே விலையும் நின்றுவிடும். ஜெயித்தவர் அதைப்போல மூன்று மடங்கு கொடுக்கத் தயாராக வந்திருந்தாலும் மிச்சப் பணம் அவர் பையிலேயே வீட்டுக்குப் போகும். வில்லியம் விக்ரி என்ற பொருளியலாளர் 1961-இல் எழுதிய கட்டுரையில் இந்தக் கணக்கை விரிவாகப் போட்டுக் காட்டினார். 1996-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததற்கு ஏலங்களைப் பற்றிய அந்த ஆய்வும் ஒரு காரணம்.

அதாவது ஒவ்வொரு பொருளுக்கும் அதை உண்மையிலேயே விரும்பும் இரண்டு பேராவது அரங்கில் இருக்க வேண்டும். அறுபது குடும்பங்கள் வரும் நிகழ்ச்சியில் தொண்ணூறு பொருளை வைத்தால் அந்த இரண்டாவது ஆள் எங்கிருந்து வருவார்? தவிர, ஒரு பொருளை எடுத்தவர் பெரும்பாலும் அதோடு ஒதுங்கிவிடுவார். நேரம் ஆக ஆகப் பொருள் மிஞ்சும், கேட்க ஆள் இருக்காது.

குழந்தைகளின் சிகிச்சைக்காக நடந்த ஒரு ஏலத்தில், மேசைமேல் பொருளை வைத்துப் பக்கத்தில் தாள் வைத்திருந்தார்கள். விரும்புபவர்கள் பெயரையும் தொகையையும் எழுத வேண்டும். கடைசி மேசையில் கையால் செதுக்கிய ஒரு மரப்பெட்டி. மூடியின் ஓரத்தில் இலைக்கொடி, ஒவ்வொரு இலையிலும் நரம்பு தெரியும் அளவுக்கு வேலைப்பாடு. அதன் தாளில் ஒரே ஒரு பெயர், அதுவும் ஆரம்ப விலைக்கு. செதுக்கிக் கொடுத்தவரே வந்திருந்தார். அந்தத் தாளைக் குனிந்து படித்தார், யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அடுத்த ஆண்டு கேட்டபோது நேரமில்லை என்றுவிட்டார். அன்றைக்குப் போனது பணம் மட்டுமில்லை, மனசாரக் கொடுத்த ஒரு மனிதரும்தான்.

செய்ய வேண்டியது இதுதான்: பொருள்களின் பட்டியலையும் அழைத்தவர்களின் பட்டியலையும் எதிரெதிரே வையுங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் நேரே அதைக் கேட்கக்கூடிய இரண்டு பேரின் பெயரை எழுதுங்கள். "யாராவது கேட்பாங்க" என்பது பெயர் ஆகாது. பெயர் எழுத முடியாத சின்னப் பொருள்களை நாலைந்தாகச் சேர்த்து ஒரே தொகுப்பாக்குங்கள். அப்படியும் சேராதவை சில மிஞ்சும்; அதனால் பொருளை வாங்கும்போதே, "இதை ஏலத்தில் வைப்போமா, வேறு விதத்தில் பயன்படுத்துவோமா என்று பின்னால் முடிவு செய்கிறோம்" என்று கொடுப்பவரிடம் சொல்லிவிடுங்கள். பெரும்பாலானவர்கள் புரிந்துகொள்வார்கள். அடிமாட்டு விலைக்குப் போவதைப் பார்ப்பதைவிட இதைக் கேட்பது அவர்களுக்கும் மேல்.

ஆரம்ப விலையை உயர்த்தி வைப்பது

சந்தை விலையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிக்குள் தொடங்குங்கள். முதலில் நாலு கை உயர்ந்தால்தான் போட்டி சூடு பிடிக்கும்.

சிறந்த பொருளைக் கடைசிக்கு வைப்பது

அதற்குள் பாதிப் பேர் கிளம்பியிருப்பார்கள். கூட்டம் உட்கார்ந்து, இரண்டு மூன்று பொருள் போய், குரல்கள் திறந்த பிறகு நடுவில் கொண்டுவாருங்கள்.

தோற்றவர்களை மறப்பது

கொடுக்கவென்று பணத்தோடு வந்து, கேட்டது கிடைக்காமல் உட்கார்ந்திருப்பவர்கள் இவர்கள். பெரிய பொருள் "மூணு தரம்" என்று முடிந்த கையோடு, பொருளே இல்லாமல் நேரடி நன்கொடைக்குக் கை உயர்த்தச் சொல்லுங்கள். "இந்தத் தொகைக்கு ஒரு குழந்தைக்கு ஒரு மாத மருந்து" என்பதுபோல் திட்டமாகச் சொல்ல வேண்டும். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அந்த நேரம் திரும்ப வராது.

மொத்த வசூலை லாபமாக எண்ணுவது

சுற்றுலாப் பயணம் போன்றவற்றை, "விற்றால் எங்களுக்கு இவ்வளவு தர வேண்டும்" என்ற நிபந்தனையோடு கொடுக்கும் நிறுவனங்கள் உண்டு. அந்தத் தொகையைக் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் உங்கள் காரியத்துக்கு.

நிபந்தனையை எழுதாமல் விடுவது

காலாவதி தேதி, எத்தனை பேருக்கு, எந்த நாள்களில் செல்லாது: ஏலத்துக்கு முன்பே தாளில் இருக்கட்டும்.

மைக்

கடைசி வரிசையில் நின்று கேட்டுப் பாருங்கள்.

பணத்தை மறுநாள் வாங்கிக்கொள்ளலாம் என்பது

கூடாது. அன்றே, பொருளைக் கையில் கொடுக்கும் முன்பே வாங்குங்கள். பணம் வாங்க ஒருவர், ரசீது எழுத ஒருவர், பொருளை எடுத்துத் தர ஒருவர் என்று தனித்தனியாக ஆள் போட்டால் வரிசை தேங்காது.