விக்ராந்த் மாடல் செய்யும் தம்பிகளே, இந்தத் தவறுகள் வேண்டாம்

இஸ்ரோ ராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கும் மகேந்திரகிரி பக்கத்தில் இருப்பதாலோ என்னவோ, நம் மாவட்டத்தில் எந்தப் பள்ளி அறிவியல் கண்காட்சிக்குப் போனாலும் ஒரு மேஜையில் ராக்கெட் நிற்கும். இப்போது அடுத்த மேஜையில் விக்ராந்த் என்ற விமானம் தாங்கிக் கப்பலும் வந்துவிட்டது. தெர்மோகோல் வேலை அருமையாகவே இருக்கிறது. கோளாறு விவரத்தில்தான்.

முதல் குழப்பம், இரண்டு விக்ராந்துகளை ஒன்றாக்கிவிடுவது. பழையது பிரிட்டனிடம் வாங்கியது; 1961-இல் சேர்ந்து 1997-இல் ஓய்வு பெற்றது. புதியது கொச்சியில் கட்டப்பட்டு 2022 செப்டம்பர் 2-ஆம் தேதி கடற்படையில் சேர்ந்தது. இரண்டுக்கும் எண் ஆர்11 என்பதால், இணையத்தில் எடுத்த படம் எந்தக் கப்பலுடையது என்று பார்க்காமலே ஒட்டிவிடுகிறார்கள். பழையது பாய்லர் நீராவியில் ஓடியது. புதியதில் நான்கு கேஸ் டர்பைன்கள். மாடலுக்குப் பக்கத்தில் பாய்லர் படம் வரைந்தால் கப்பலே மாறிவிடும்.

மேல்தளத்தில் விமானத்தை உந்தித் தள்ளும் கேட்டபுல்ட் வைப்பதும் தப்பு. அது அமெரிக்கக் கப்பல்களில் உண்டு. 262 மீட்டர் நீளப் புதிய விக்ராந்தில் முன்பக்கம் 14 டிகிரி மேல்நோக்கி வளைந்த ஏற்றம்தான். விமானம் தன் எஞ்சின் பலத்திலேயே அதில் ஏறிப் பறக்கும். கட்டுப்பாட்டுக் கோபுரமும் விமானங்களை ஏற்றி இறக்கும் இரண்டு லிஃப்ட்டுகளும் வலப்பக்கம். இறங்கும் பாதை இடப்பக்கமாகச் சாய்ந்து போகும். இந்தச் சாய்வை நேராக்கிவிட்டால், இறங்கும் விமானம் முன்னால் நிற்பவற்றின் மேல் போய் மோதும்.

இறங்கும்போது பைலட் எஞ்சினை அணைப்பார் என்று சில சார்ட்டுகளில் எழுதியிருக்கிறது. நேர்மாறு! சக்கரம் தளத்தைத் தொட்டதுமே முழு வேகம் கொடுப்பார். விமானத்தைப் பிடித்து நிறுத்தத் தளத்தின் குறுக்கே கட்டிய கம்பி வடத்தை அதன் வால் கொக்கி பிடிக்காமல் நழுவினால் அப்படியே மீண்டும் எழும்ப வேண்டுமே. விக்ராந்தில் மூன்று வடங்கள். விமானத்தை நிறுத்துவது வடம் மட்டுமல்ல, தளத்துக்கு அடியில் அந்த இழுப்பை வாங்கிக்கொள்ளும் எந்திரமும்தான். 2016 மார்ச்சில் அமெரிக்காவின் ஐசன்ஹோவர் விமானம் தாங்கிக் கப்பலில் ஒரு வடம் அறுந்து எட்டு மாலுமிகள் காயப்பட்டார்கள். விசாரித்தபோது பராமரிப்பில் நடந்த பிழை தெரியவந்தது. அதே ஆண்டு சிரியா அருகே ரஷ்யாவின் விமானம் தாங்கிக் கப்பல் குஸ்நெட்சோவ், கம்பி வடக் கோளாறுகளால் சில வார இடைவெளியில் இரண்டு போர் விமானங்களைக் கடலில் விட்டது.

நான் பார்த்த மாடல் எதிலும் உதிரிபாகம் பற்றி ஒரு வரிகூட இல்லை. பெரிய தவறாக நான் சொல்வது இதைத்தான். ஒரு கண்காட்சியில், கொச்சி தோப்பும்படியிலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் தூத்தூர் மீனவர் ஒருவர் மாடலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “கம்பி அறுந்துதுன்னா வேற கம்பி எங்க வச்சிருக்கு மக்களே?” என்று கேட்டார். பையன்கள் முழித்தார்கள். எஞ்சினுக்கு மாற்று பெல்ட், ஃபில்டர், நாசில் எல்லாம் எடுத்துவைக்காமல், வாரக்கணக்கில் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் தங்கலுக்குப் போகாதவர். அவருக்கு வேறு கேள்வி தோன்றாது. வடத்துக்கு ஆயுள் உண்டு. இத்தனை முறை பிடித்தபின், அறுந்தாலும் அறுந்துபோகாவிட்டாலும் கழற்றி எறிய வேண்டியதுதான்.

பழுதோடும் பழசோடும் சமாளித்த கதையும் நம்மிடம் உண்டு. 1971 போரில் பழைய விக்ராந்தின் நான்கு பாய்லர்களில் ஒன்று விரிசல் விட்டிருந்தது. அதை ஒதுக்கிவிட்டு, குறைந்த வேகத்தோடே வங்காள விரிகுடாவுக்குப் போய் சிட்டகாங், காக்ஸ் பஜார் மேல் விமானங்களை அனுப்பினார்கள். நம் இன்னொரு விமானம் தாங்கிக் கப்பலான விராட்டில் இருந்தவை சீ ஹாரியர் போர் விமானங்கள். அந்த வகையைப் பிரிட்டன் தன் படையில் 2006-லேயே நிறுத்திவிட்டது. நாம் 2016 வரை இழுத்துப் பிடித்துப் பறக்கவிட்டோம்.

‘76 சதவீதம் உள்நாட்டுத் தயாரிப்பு’ என்று எழுதலாம், அது சரிதான். அதோடு நிறுத்தாதீர்கள். கப்பலின் எஃகு நம்முடையது, டர்பைன் வடிவமைப்பு அமெரிக்காவுடையது, அதிலிருந்து பறக்கும் மிக்-29கே போர் விமானம் ரஷ்யாவுடையது. அடுத்து வரப்போகும் ரஃபேல்-எம் பிரான்சிலிருந்து. 26 விமானங்களுக்கு 2025 ஏப்ரலில் ஒப்பந்தம் ஆனது. அதன் இறக்கை மடங்காது. லிஃப்ட்டோ இறக்கை மடங்கும் மிக்-ஐ மனதில் வைத்து அளவெடுத்தது. மாடலில் லிஃப்ட்டைக் குத்துமதிப்பாக வெட்டி ஒட்டாதீர்கள்.

இடம் மிச்சமிருந்தால், கப்பலை உள்ளே விட்டு நீரை வெளியேற்றிப் பழுதுபார்க்கும் உலர்துறையையும் செய்யுங்கள். கொச்சியில் 310 மீட்டர் நீளத்தில் புதிதாக ஒன்று 2024 ஜனவரியில் திறந்தார்கள். குஸ்நெட்சோவுக்கு இருந்த பெரிய மிதக்கும் உலர்துறை 2018-இல் மூழ்கிப்போனது. அதன்பின் அந்தக் கப்பலின் பழுதுபார்ப்பு இழுத்துக்கொண்டே போனது.